நாலாயிரத்து எழுநூற்றைம்பது பவுணுக்கு ஒரு ஜகுவார்

2024 ஆம் ஆண்டு ஜூலை மாதம் மூன்று வாரங்கள் லண்டனில், ஹரோ பகுதியிலுள்ள தம்பியின் வீட்டில் தங்கியிருந்தேன். பத்திரிகை அலுவலகங்களில் முப்பது வருடங்களாக இரவுப் பணி பார்த்துப் பழகியவனுக்கு நித்திரை இலகுவில் வாய்ப்பதில்லை. ஓர் இரவு இரண்டு மணியளவில் தண்ணீர் குடிப்பதற்காகக் கீழே இறங்கி வந்தபோது, குசினி மேசையில் தம்பி தனியே இருந்து கைத்தொலைபேசியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் திரையைக் கவிழ்த்து வைத்தான். ஐம்பத்திரண்டு வயது மனிதன். பல்கலைக்கழகம் போகும் இரண்டு பிள்ளைகளின் தகப்பன். நடுச்சாமத்தில் ஒருவர் திரையைக் கவிழ்த்து வைத்தால் ஒரு செய்தியாளனின் மூளை எங்கெல்லாம் ஓடுமோ அங்கெல்லாம் ஓடியது. சூதாட்டமோ, கடனோ, அதைவிட மோசமானதோ?

"அவவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ அண்ணை" என்று தாழ்ந்த குரலில் கூறிவிட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினான்.

கரும்பச்சை நிறத்தில் ஒரு கார். ஜகுவார் எக்ஸ்கே8, 1998 ஆம் ஆண்டு வண்டி. பொத்தானை அழுத்தினால் துணிக்கூரை தானாகவே மடிந்து பின்னால் போய்விடும். நான்கு லீற்றர் எஞ்சின், எட்டுச் சிலிண்டர்கள், 290 குதிரைவலு. கேட்கப்பட்ட விலை 4,750 பவுண்.

தம்பி 1991 இல் லண்டனுக்கு வந்தவன். எங்கள் பொடியன்கள் பலரையும் போலப் பெற்றோல் நிலையத்து இரவு வேலையில்தான் காலூன்றினான். இரவில் கதவு பூட்டியிருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் இருந்துகொண்டு சிறிய இழுப்பறை வழியாகக் காசை வாங்கவேண்டும். 1997 ஆம் ஆண்டு மாரிகாலத்து இரவொன்றில் இந்த இனக் கார் ஒன்று வந்து நின்றதாம். அந்தக் குளிரிலும் கூரையைத் திறந்துவிட்டு, தலையில் தொப்பியும் கழுத்தில் சால்வையுமாக ஒரு கிழவர் ஓட்டி வந்திருக்கிறார். தம்பிக்கு அப்போது இருபத்தைந்து வயது. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வந்திருக்கவில்லை.

"அந்தாள் காசைத் தந்திட்டு 'குட் நைட்' சொல்லிப்போட்டுப் போனது. எஞ்சின் ஸ்ராட் பண்ணின சத்தம் கண்ணாடிக்குள்ளாலையும் கேட்டது. அண்டைக்கு நினைச்சனான் அண்ணை" என்றான். என்ன நினைத்தான் என்று நான் கேட்கவில்லை.

காசு எங்கே என்று மட்டும் கேட்டேன். சீட்டுக் கட்டி எடுத்த ஆறாயிரம் பவுண் இருக்கிறது என்றான். வீட்டுக் கடனுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் புறம்பாக அவன் தனக்கென்று சேர்த்த முதற் காசு அது.

நிற்க. இந்தக் கார் 1996 மார்ச்சில் ஜெனீவா மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. கொவென்றி நகரின் பிரவுண்ஸ் லேன் தொழிற்சாலையில் 2005 வரை தயாரிக்கப்பட்டது. புதிதாக வந்த காலத்தில் கூரை மடியும் வகையின் விலை ஐம்பதாயிரம் பவுணுக்கு மேல். இன்று அதே வண்டி அதன் பத்திலொரு பங்குக்கும் குறைவாக விலைப்படுகிறது. ஆனால் கார் வயதாகி மலிந்ததுபோல அதன் உதிரிப்பாகங்கள் மலிவதில்லை. அவற்றைக் கழற்றிப் பூட்டுகிறவரின் மணித்தியாலக் கூலியும் மலிவதில்லை. ஐம்பதாயிரம் கொடுக்கக்கூடியவனுக்காக உருவாக்கப்பட்ட இயந்திரத்தை, ஐயாயிரம் வைத்திருப்பவன் பராமரிக்கவேண்டியிருக்கிறது. சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம் என்று ஊரில் சொல்வார்கள். அன்றிரவு அதைத்தான் தம்பிக்கும் சொன்னேன். அவன் சிரித்தான். "அப்பா இருந்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் காரைப் பார்க்காமல் சொல்லியிருக்கமாட்டார்."

அது உண்மை. எங்கள் அப்பா சுன்னாகத்தில் வாடகைக் கார் ஓட்டியவர். ஒஸ்ரின் ஏ40 சோமசெட். எங்கள் இருவருக்கும் மூத்த பிள்ளை அந்தக் கார்தான். யாழ்ப்பாணத்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை, ஏனையோருக்காகச் சொல்கிறேன். 1990 இல் பொருளாதாரத் தடை வந்தபின் குடாநாட்டில் பெற்றோல் என்பது மருந்துக் கடைச் சாமானைப்போல அளந்து வாங்கும் பொருளாயிற்று. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் வெண்புகை எழும்பும். 1,200 கன சென்ரிமீற்றர் எஞ்சின், இரும்பு வார்ப்பு, குறைந்த அமுக்க விகிதம்; எதைக் கொடுத்தாலும் இருமிக்கொண்டு ஓடியது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே தென்மராட்சி நோக்கி நடந்தபோது, எங்கள் அம்மம்மா சாவகச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தது அந்தக் காரில்தான். பிறகு அது அங்கேயே ஓர் உறவினர் வீட்டில் நின்றது. 2000 ஆம் ஆண்டுச் சண்டையில் அந்த வீட்டோடு அதுவும் போயிற்று. தம்பி அதற்கிடையில் எழுதிய கடிதங்களில் எல்லாம் எங்களைப் பற்றி விசாரித்த பிறகு காரைப் பற்றியும் ஒரு வரி விசாரித்திருப்பான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அடுத்த சில இரவுகளில் அந்த ஜகுவாரைப் பற்றி நான் வாசித்து அறிந்தவற்றுள் முதலாவதாக என்னைத் திகைக்க வைத்தது எரிபொருள் விவகாரம்தான். இந்த எஞ்சினின் உடல் அலுமினியம். சிலிண்டர்களின் உட்சுவருக்கு இரும்பு உறை போடாமல், நிக்கலும் சிலிக்கன் காபைட்டும் சேர்ந்த மெல்லிய பூச்சொன்றைப் பூசினார்கள். நிக்கசில் என்று அதற்குப் பெயர். உராய்வு குறைவு, பாரம் குறைவு, எல்லாம் நன்மையே. ஆனால் அக்காலத்துப் பெற்றோலில் கந்தகம் அதிகம். அந்தக் கந்தகம் பூச்சை அரித்தது. பூச்சுத் தேய அமுக்கம் குறைந்தது. ஒரு குளிர்காலை எஞ்சின் சுழலும், ஆனால் இயங்காது. பி.எம்.டபிள்யூ நிறுவனமும் தொண்ணூறுகளில் இதே பூச்சால் இதே அவதிப்பட்டது. 2000 ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து ஜகுவார் இரும்பு உறைக்கு மாறியது. மண்ணெண்ணெயைக் குடித்துக்கொண்டு அம்மம்மாவைச் சுமந்த காரைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, பெற்றோலில் கலந்திருந்த சிறிதளவு கந்தகம் ஒத்துக்கொள்ளாமல் படுத்துவிடும் 290 குதிரைவலு எஞ்சின் விசித்திரமாகவே தோன்றியது.

ஆறுதல் தரும் செய்தி ஒன்றும் உண்டு. ஐரோப்பாவில் பெற்றோலின் கந்தக அளவு 2005 இல் பத்து இலட்சத்தில் 50 பங்காகவும், 2009 இல் 10 பங்காகவும் கட்டுப்படுத்தப்பட்டது. ஆகவே இவ்வளவு காலம் தப்பிப் பிழைத்த நிக்கசில் எஞ்சின் இனிமேல் கந்தகத்தால் சாவது அரிது. ஆனாலும் அமுக்கத்தை அளந்து பார்க்காமல் வாங்கக்கூடாது. இன்னொரு குணமும் இதற்கு உண்டு. குளிர்ந்திருக்கும்போது இயக்கி, வாசலிலிருந்து பத்தடி நகர்த்திவிட்டு உடனே நிறுத்தினால், எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரின் எண்ணெயைக் கழுவிவிடும். மறுபடி இயங்க மறுக்கும். கழுவுவதற்காகக் காரை வெளியே எடுத்துவிட்டு உள்ளே விடமுடியாமல் நின்றவர்கள் பலர்.

தம்பிக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். எங்களூர்க்காரர், ஆங்கிலேயரின் பழைய கார்களைத் திருத்தியே தலை நரைத்தவர். அவர் தொலைபேசியில் சொன்னது ஒரே ஒரு விடயம். "எஞ்சின் பச்சைத்தண்ணியாய்க் குளிர்ந்திருக்கவேணும் தம்பி. நீங்கள் போகுமுன்னம் ஸ்ராட் பண்ணவேண்டாம் எண்டு கட்டாயம் சொல்லிப்போட்டுப் போங்கோ."

காரணம் ரைமிங் செயின். எஞ்சினின் மேற்பகுதியில் வால்வுகளை இயக்கும் தண்டுகளைச் சங்கிலிகள் சுழற்றுகின்றன. அந்தச் சங்கிலிகளை இறுக்கிப் பிடிக்கும் ரென்சனர்களின் உடலை ஆரம்ப காலத்தில் பிளாஸ்ரிக்கில் செய்தார்கள். சூட்டிலும் எண்ணெயிலும் கிடந்து அது வெடிக்கும். சங்கிலி தளர்ந்து ஒரு பல்லுத் தாண்டினால் வால்வு பிஸ்டனில் போய் மோதும். அதற்குப் பிறகு அந்த எஞ்சினின் பெறுமதி பழைய இரும்பின் பெறுமதிதான். உலோக உடல் கொண்ட புதிய ரென்சனர் பின்னாளில் வந்தது. நல்ல சொந்தக்காரர்கள் அதை வாங்கிப் பூட்டிப் பற்றுச்சீட்டையும் வைத்திருப்பார்கள். பூட்டாத வண்டியில் எச்சரிக்கை எப்படிக் கிடைக்கும் என்றால், குளிர்ந்த எஞ்சினை இயக்கும் முதல் ஓரிரு விநாடிகளில் ஒரு கிலுகிலுப்பு கேட்கலாம். எண்ணெய் மேலேறியதும் அது அடங்கிவிடும். சூடான எஞ்சின் வாய் திறக்காது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஹேட்போர்ட்ஷயரில் ஒரு சிற்றூருக்குப் போனோம். விற்பவர் மிகவும் மரியாதையான ஆங்கிலேயர். தேநீர் வேண்டுமா என்று கேட்டார். கார் வாசலில் நின்றது. படத்தில் பார்த்ததைவிட அழகு என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். நீண்ட மூக்கு, நீள்வட்ட வாய், உள்ளே வாதுமை மரப் பலகையும் வெண்பழுப்புத் தோலும். தம்பி அதைச் சுற்றி வரவில்லை, கதவைத் திறக்கவில்லை. நேரே போய்ப் பொனற்றின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தான்.

அப்பா அப்படித்தான் வைப்பார். மற்றவர் காரைப் பார்க்கப் போகும்போது முதலில் பொனற்றில் கை வைப்பார். பிள்ளைக்குக் காய்ச்சலோ என்று பார்ப்பதுபோல இருக்கும். முப்பது வருடத்துக்குப் பிறகு அந்தக் கையை நான் லண்டனுக்கு வெளியே ஒரு வாசலில் கண்டேன்.

தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். நானும் போய்த் தொட்டேன். கொதித்துக்கொண்டிருந்தது.

காலையில் மனைவி கடைக்கு எடுத்துப் போய்விட்டார் என்று அந்தப் பெரியவர் மன்னிப்புக் கேட்டார். அது உண்மையாகவும் இருக்கலாம்.

கூரையைத் திறந்து காட்டினார். டிக்கிக்குள் இருக்கும் ஹைட்ரோலிக் பம் முனக, துணிக்கூரை எழுந்து மடிந்து பின்னால் அமர்ந்தது. இந்தக் கார்களில் அந்தப் பம்மிலிருந்து எண்ணெய்க் குழாய்கள் முன்கண்ணாடியின் மேல்விளிம்பு வரை, அதாவது ஓட்டுபவரின் தலைக்கு மேலாக வருகின்றன. கூரையைக் கொளுவும் பூட்டு அங்கேதான் இருக்கிறது. வருடங்கள் போக அந்தக் குழாய் ஒருநாள் வெடித்து, பச்சை நிற எண்ணெய் ஓட்டுபவரின் தலையிலும் தோல் இருக்கையிலும் கொட்டும். இந்த இனக் கார் வைத்திருப்போர் இதற்குப் 'பச்சைக் குளிப்பு' என்றே பெயரிட்டிருக்கிறார்கள். முன்கூட்டியே குழாயை மாற்றி அழுத்தத்தைக் குறைக்கும் ஏற்பாடு செய்தால் பெரிய செலவில்லை. குளித்த பிறகு செய்தால்தான் செலவு. தம்பி கண்ணாடிக்கு மேலே விரலை நுழைத்துத் தடவிப் பார்த்தான். காய்ந்திருந்தது. அவனுடைய முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனதை நான் கவனித்தேன்.

அவன் காரின் அடியில் படுத்தான். நான் காகிதங்களை வாங்கிக்கொண்டு படிக்கட்டில் இருந்தேன். காகிதம் என் தொழில். அறிக்கை ஒன்றைக் கையில் தந்தால் அதில் இருப்பதைவிட இல்லாததை முதலில் தேடும் பழக்கம் வந்துவிட்டது. இங்கிலாந்தில் ஒரு காரின் இலக்கத்தைக் கொடுத்தால், அதன் வருடாந்த எம்.ஓ.ரி. பரிசோதனை வரலாற்றை அரச இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். எத்தனை மைல் ஓடியது, எதில் சித்தியடையவில்லை, எதைக் கவனிக்கும்படி பரிசோதகர் எழுதினார் எல்லாம் அதில் உண்டு. எங்கள் நாட்டில் மந்திரிமாருக்கு இப்படி ஒரு வசதி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! இந்தக் காருக்கு 2016 முதல் 2019 வரை பரிசோதனையே இல்லை. மூன்று வருடங்கள் எங்கோ நின்றிருக்கிறது. அதற்கு முந்திய பதிவுகளில் முன்பக்க அடித்தளத்தில் துரு என்ற குறிப்பு இரண்டு தடவை. பிந்திய பதிவுகளில் அந்தக் குறிப்பு இல்லை. துருவை வெட்டியெடுத்து ஒட்டியதற்கான பற்றுச்சீட்டும் கோப்பில் இல்லை. ரென்சனர் மாற்றியதற்கும் இல்லை.

கியர் பெட்டிக்கு எண்ணெய் மாற்றிய சீட்டும் இல்லை. ஆனால் இதில் சொந்தக்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது. ஜேர்மனிய இசட்.எஃப். நிறுவனத்தின் ஐந்து கியர் தானியங்கிப் பெட்டி அது. 'வாழ்நாள் முழுவதற்குமான எண்ணெய்' என்று சொல்லி, அளந்து பார்க்க ஒரு கோல்கூட வைக்காமல் மூடிவிட்டார்கள். யாருடைய வாழ்நாள் என்று எவரும் கேட்கவில்லை போலும். எண்ணெய் மாற்றப்படாத பெட்டிகள் ஓர் இலட்சம் மைலை அண்டும்போது நழுவத் தொடங்குவதைத் திருத்துபவர்கள் எல்லோரும் அறிவார்கள்.

தம்பி அடியிலிருந்து எழும்பி வந்தான். விரல் நுனிகள் கறுப்பாக இருந்தன.

"புதுசாய்த் தார் பூசியிருக்கினம் அண்ணை" என்றான் தமிழில்.

சிறு வயதில் ஒருமுறை அப்பா தனது பழைய மொறிஸ் மைனரை விற்பதற்கு முதல்நாள் அதன் அடியில் தார் பூசினார். நாங்கள் இருவரும்தான் தூரிகையும் தகரப் பேணியும் பிடித்துக்கொண்டு நின்றோம். வாங்கியவர் கொடிகாமத்துக்காரர். அந்தப் பாவத்தைப் பற்றி நாங்கள் அதற்குப் பிறகு பேசியதே இல்லை. அன்று அந்த வாசலில் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதில் அது இருந்தது.

ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தோம். மேடு பள்ளத்தில் முன்பக்கம் 'டக் டக்' என்றது. அதிர்வுதாங்கிகளின் மேற்பக்க இறப்பர் கரைந்திருக்கும், அது சிறிய வேலை. ஏ.பி.எஸ். எச்சரிக்கை விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்தது. இவையெல்லாம் 26 வயதுக் காரில் எதிர்பார்க்கவேண்டியவை. ஆனால் நெடுஞ்சாலையில் அவன் மெல்லக் காலை அழுத்தியபோது அந்த எஞ்சின் எழுப்பிய ஒலி இருக்கிறதே, அதைப் பற்றி நான் எழுதினால் இந்தப் பத்தியின் நம்பகத்தன்மை கெட்டுவிடும். கூரையில்லாத ஆகாயம் தலைக்கு மேலே ஓடியது. தம்பி ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. திரும்பும்போது, "வேறு யாரும் பார்க்க வருமுன் முற்பணம் கொடுத்துவிடு" என்று சொல்லும் நிலைக்கு நான் வந்திருந்தேன் என்பதைக் கூச்சத்துடன் ஒப்புக்கொள்கிறேன். இத்தனை இரவு வாசித்தும் பதினைந்து நிமிட ஓட்டம் என்னை விலைக்கு வாங்கிவிட்டது.

அவன்தான் வேண்டாம் என்றான். பெரியவர் 4,000 பவுணுக்கு இறங்கினார். தம்பி அவருக்குக் கை கொடுத்து, நல்ல கார் என்று மரியாதையாகக் கூறிவிட்டு வந்து தனது பழைய ரொயோட்டாவில் ஏறினான். ஐந்து நிமிடம் கழித்து, "துருவெண்டாலும் பரவாயில்லை. குளிர்ந்து நிக்கவேணும் எண்டு கேட்டனான்தானே" என்றான். மீதி வழியெல்லாம் மௌனம்.

வீட்டில் தம்பியின் மனைவி சோறு போட்டுக்கொண்டே என்னிடம் கேட்டாள். "என்ன அத்தான், கார் சரிவரேல்லையோ?"

தம்பி தலை நிமிரவில்லை.

"ஆறு மாசமாய் ராவிலை எழும்பிப் போய்ப் பாக்கிறார். எனக்குத் தெரியாதெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறார். வாங்கட்டும் அத்தான். ஆனால் தினம் பன்னிரண்டரைப் பவுண் கட்டிற காரை வாங்கவேண்டாமெண்டு சொல்லுங்கோ."

அவள் சொன்னது லண்டனின் புகைக் கட்டணம். 2023 ஓகஸ்ட் முதல் நகரின் எல்லாப் பகுதிகளுக்கும் அது விரிவாக்கப்பட்டது. பொதுவாக 2005 இற்கு முன் பதிவான பெற்றோல் கார்களில் பல அந்த அளவுகோலைத் தாண்டுவதில்லை. ஓட்டும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண், நத்தார் தினத்துக்கு மட்டும் விலக்கு. எங்கள் இரண்டு பேருடைய ஆராய்ச்சியிலும் இடம்பெறாத விடயம் அது. கணக்கெழுதும் வேலை பார்ப்பவள் அவள்.

நான் கொழும்பு திரும்பிவிட்டேன். அவன் அந்த ஆசையை விட்டுவிட்டான் என்றே எண்ணியிருந்தேன். டிசம்பரில் ஒரு நாள் 63 பக்கங்கள் கொண்ட கோப்பொன்றை அனுப்பியிருந்தான். 2003 ஆம் ஆண்டு வண்டி. 4.2 லீற்றர் எஞ்சின், இரும்பு உறை, உலோக ரென்சனர், ஆறு கியர் பெட்டி. விலை 8,900 பவுண். மனைவியின் சீட்டும் சேர்ந்துவிட்டதாம். கார் இலக்கத்தைக் கொடுத்து அவளே கட்டண விடயத்தைப் பார்த்து முடித்திருந்தாள். பதினெட்டு வருடம் ஒருவரே வைத்திருந்திருக்கிறார். பற்றரி மாற்றியது முதல் கூரைக் குழாய் மாற்றியது வரை எல்லாவற்றுக்கும் சீட்டு. 2015 இல் அடித்தளத் துருவை வெட்டி ஒட்டியதற்குப் படங்களுடன் விபரம். கியர் பெட்டி எண்ணெய் இரண்டு தடவை மாற்றப்பட்டிருக்கிறது. இரவு முழுவதும் இருந்து வாசித்தேன். இரண்டு இடங்களில் மைல் கணக்கு இடித்தது, கேட்டெழுதினேன். எழுத்துப் பிழை என்று விளக்கம் வந்தது, பரிசோதனைப் பதிவும் அதை உறுதிப்படுத்தியது.

2025 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. கொழும்பில் பகல் ஒன்றரை மணி, அங்கே காலை எட்டு. தொலைபேசி அடித்தது.

"அண்ணை, இஞ்சை மைனஸ் மூண்டு. பொனற் ஐஸ் மாதிரிக் கிடக்கு. இப்ப ஸ்ராட் பண்ணப்போறார். போனைப் பக்கத்திலை பிடிக்கிறன், கேளுங்கோ."

அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர்களைக் கையமர்த்திவிட்டுக் காதில் அழுத்திப் பிடித்தேன். யாரோ கதவைச் சாத்தினார்கள். ஸ்ராட்டர் சுழன்றது. எஞ்சின் ஒருமுறை உயர்ந்து, மெல்லத் தாழ்ந்து, நிலைகொண்டது. பத்து விநாடி, இருபது விநாடி, அரை நிமிடம். வேறு சத்தம் எதுவும் கேட்கவில்லை.

"கேட்டதோ?" என்றான்.